நெடுநல்வாடையின் பள்ளியறைச் சுவர்

அண்மையில் பாசிர் கூடாங்கில் ஒரு தாமான் வீட்டிற்குப் புதுமனை புகுவிழாவுக்குச் சென்றிருந்தேன். வீட்டுக்காரர் என் பழைய மாணாக்கர். படுக்கையறைச் சுவர் முழுதும் பச்சைக் கொடியும் சிவந்த பூக்களுமாகத் தம் கையாலேயே தீட்டியிருந்தார். “நெடுநல்வாடையிலேயே இருக்கிறதே ஐயா, நம் முன்னோர் செய்ததுதானே!” என்றார். உடன் வந்த ஆசிரியர் இருவரும் ஆமென்றனர். நானும் தலையசைத்தேன். வீடு திரும்பும் வழியிலேதான் அத்தலையசைப்பு உறுத்தத் தொடங்கிற்று.

இருப்பது உண்மையே. பத்துப்பாட்டுள் நக்கீரர் பாடிய 188 அடிப் பாட்டு அது. வெள்ளிபோல் விளங்கச் சுதை பூசி, நீலமணி போன்ற கரிய திரண்ட தூண்களை நிறுத்தி, செம்பினால் இயற்றினாற் போன்ற நெடுஞ்சுவரிலே பல பூக்களையுடைய கொடியொன்றை வளைய எழுதியிருந்தனர் என்கிறார் புலவர். தோட்டத்து லயத்தில் சுண்ணாம்படித்த சுவரையும் அதில் தொங்கிய நாட்காட்டிப் படத்தையும் கண்டு வளர்ந்த எனக்கு இது பெருவியப்பாக இருந்ததுண்டு. ‘பண்டைத் தமிழர் ஓவியத்திறனுக்குச் சான்று’ என்று பயிற்சிக் கல்லூரியில் எழுதி மதிப்பெண் பெற்றேன். மாலை வகுப்பு மாணவர்க்கும் பல்லாண்டு அதையே சொன்னேன். சான்று தேடும் ஆர்வத்தில் பாட்டைத் தொலைத்துவிட்டோம் என்பதே இப்போது என் கருத்து.

சுவருக்குச் செம்பை ஏன் உவமை கூறினார்? புறநானூற்றில் இவ்வுவமை கோட்டை மதிலுக்கு வருகிறது. மதிலுக்குரிய திண்மையைப் பள்ளியறைச் சுவருக்குத் தந்து, அதன்மேல் ஒரு மெல்லிய கொடியைப் படரவிடுகிறார். கொடி பற்றுதற்குரிய கொழுகொம்பு அங்குக் கூறப்படவில்லை. இது மிகையான பொருள் என்று சொல்வார் சொல்லலாம். அதனை நான் வற்புறுத்தவில்லை. ஆனால் கட்டிலை நோக்குக. அது நாற்பதாண்டு நிரம்பிய போர் யானையின் கொம்பினால் ஆனது. போர், தலைவனைக் கொண்டுபோனதோடு நில்லாமல், அவன் இல்லாத அறைக்குள்ளும் வந்து கட்டிலாகக் கிடக்கின்றது.

அக்கட்டிலின் மேல் இருப்பவள் யார்? முத்தாரம் தாங்கிய மார்பில் இன்று தாலி ஒன்றே தாழ்கிறது. பொன் வளை இருந்த கையில் சங்கு வளை. உடுத்த ஆடையிலும் மாசு ஏறியிருக்கிறது. இவளுக்குப் புலவர் தேடிய உவமைதான் என்னைப் பல இரவு உறங்கவிடாதது. வண்ணம் தீட்டாத, கோடு மட்டும் இழுத்த ஓவியம் போன்றாள் என்கிறார்! சுவரெல்லாம் வண்ணம் பூசிவைத்தது இந்த ஓருவமைக்காகவே அன்றோ? கொடிக்கு நிறம் உண்டு. பூவுக்கு நிறம் உண்டு. அறைக்கு உரியவளோ வெறும் கோடு. சுவரை மட்டும் வெட்டியெடுத்து ஓவியக்கலை என்ற தலைப்பின்கீழ் ஒட்டும்போது நாம் விட்டுவிடுவது இவளைத்தான்.

அவளும் ஓவியத்தைப் பார்க்கிறாள், ஆனால் சுவரையன்று. கட்டிலுக்கு மேலே மெழுகு வழித்த துணியில் மேடம் முதலாய இராசிகளும், திங்களோடு பிரியாதிருக்கும் உரோகிணியும் எழுதப்பட்டுள்ளன. அவ்வுரோகிணியை நோக்கி நெடுமூச்செறிகிறாள். அறையை அழகு செய்த கைவினையே அவளுக்குத் துன்பமாயிற்று. இதனைச் சான்றுப் பட்டியலில் எந்த எண்ணிட்டுச் சேர்ப்பது?

வேலில் வேம்பு சூட்டிய குறிப்பால் தலைவன் பாண்டியன் எனப் புலப்படுவதால், இது அகமன்று, புறமே என்னும் வழக்கு நெடுநாளையது. அதனுள் ஈண்டுப் புகவேண்டியதில்லை.

அடுத்த வாரம் மாலை வகுப்பில் இப்பகுதி வருகிறது. இம்முறை சுவரோடு நிறுத்தப்போவதில்லை. பாட்டு முடிவது பாசறையில். வேந்தன் நள்ளிரவிலும் உறங்காது, புண்பட்ட வீரர்களைப் பார்த்துவர மழைத்துளியூடே நடக்கிறான். அங்கே கொடி எழுதிய சுவர் இல்லை. வாடை வீசுந்தோறும் விளக்குகளின் சுடர் தெற்கே சாய்ந்து எரிகிறது.