பியானோவும் பொழுதும்

பகல் முழுவதும் வேறு தொழில் பார்த்துச் சீவனம் நடத்திக்கொண்டு, எஞ்சிய பொழுதிலே பியானோவை உயர்ந்த தேர்ச்சியுடன் வாசிப்போர் மேலைநாடுகளிற் பலர் உளர். மருத்துவரும் வழக்கறிஞரும் பொறியியலாளரும் பேராசிரியரும் அவர்களுள் அடங்குவர். இவர்களை 'அமெச்சூர்' என வழங்குவர். லத்தீன் மொழியில் 'நேசித்தல்' எனப் பொருள்தரும் வினையிலிருந்து பிறந்த இச்சொல், பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்தைச் சென்றடைந்து, காலப்போக்கில் அரைகுறைத் தேர்ச்சியைச் சுட்டும் ஏளனச் சொல்லாகவும் மாறிற்று. ஒரு கலையை நேசித்துச் செய்பவன் ஏன் ஏளனத்துக்குரியவன் ஆனான்? கூலிக்குச் செய்பவனே கலைஞன் என்ற எண்ணம் எங்ஙனம் நிலைபெற்றது? இவ்வினாக்கள் சங்கீத விமரிசகருக்கு மட்டும் உரியன அல்ல. உழைப்பு எவ்வாறு பிரிக்கப்பட்டுள்ளது, ஓய்வு யாருடைய உடைமையாய் உள்ளது என்ற கேள்விகளோடு இவை பின்னிக்கிடக்கின்றன.

இவற்றை ஆராயப் புகுவோர்க்கு ஒரு நூல் நல்ல தொடக்கமாய் அமையும். 1995 முதல் 2015 வரை லண்டன் 'கார்டியன்' பத்திரிகையின் ஆசிரியராய் இருந்த அலன் றஸ்பிறிஜர், 2013 இல் வெளியிட்ட 'மீண்டும் வாசி' என்னும் நாட்குறிப்பு நூலே அது. 2010 இல், தமது 56 வயதில், ஷோப்பனின் முதலாவது பலாட்டைக் கற்றுவிடுவதென அவர் உறுதிபூண்டார். 1836 இல் அச்சேறிய அவ்வாக்கம் 264 தாளக் கட்டங்களைக் கொண்டது. வாசித்து முடிக்கப் பத்து நிமிடமளவே செல்லும். எனினும் அதன் இறுதிப் பகுதி, தொழின்முறைக் கலைஞரையும் அஞ்சவைக்கும் வேகமும் சிக்கலும் உடையது. இதனை வெல்ல அவரிடமிருந்த முதல், வேலைக்குப் புறப்படுமுன் கிடைத்த இருபது நிமிடமே.

அந்த இருபது நிமிடத்தைச் சூழ்ந்திருந்த உலகமோ கொந்தளித்துக்கொண்டிருந்தது. 2010 ஜூலையில் ஆப்கானிஸ்தான் போர் ஆவணங்களும், நவம்பரில் அமெரிக்கத் தூதரகங்களின் இரகசியத் தந்திகளும் அவரது பத்திரிகையில் வெளிவந்தன. 2011 ஜூலையில் தொலைபேசி ஒட்டுக்கேட்பு ஊழல் அம்பலமாகி, 168 ஆண்டுக்காலம் நடந்த 'நியூஸ் ஒவ் த வேர்ல்ட்' வாரப் பத்திரிகை மூடப்பட்டது. இவற்றிற்கிடையே, எந்த விரல் எந்தக் கட்டையிற் படவேண்டும் என்று ஒரு மனிதர் நாள்தோறும் எழுதி வைக்கிறார். நூலின் சுவை இம்முரணிலேயே பிறக்கின்றது. முதிர்ந்த வயதில் நினைவு எவ்வாறு வேலை செய்கிறது, மனம் மறந்ததை விரல் எவ்வாறு நினைவு கூர்கிறது, மெதுவாகச் சாதகம் பண்ணுவதன் பயன் யாது என்பனவற்றை அவர் தெளிவாக விளக்குகிறார். அல்பிரட் பிறெண்டல், டானியல் பரன்போயிம் முதலிய பெருங் கலைஞரிடமும் சென்று ஐயம் தெளிகிறார். ஓராண்டளவிற் கற்கலாமென எண்ணியது பதினாறு மாதம்வரை நீண்டது. ஈற்றில் நண்பர் முன்னிலையில் வாசித்தும் விட்டார்.

நூலாசிரியரின் நேர்மையும் உழைப்பும் போற்றத்தக்கன. தம் தவறுகளை அவர் மறைக்கவில்லை. மேதை என்று தம்மைக் காட்டிக்கொள்ளவுமில்லை. ஆயினும் நூலின் அடித்தளத்தில் உள்ள கருத்தொன்றை நாம் மறுத்தேயாதல் வேண்டும். மனம் வைத்தால் எவரும் நேரத்தைக் கண்டுபிடித்துக்கொள்ளலாம் என்பதே அக்கருத்து. நேரம் தேடிக் கண்டெடுக்கும் பொருளாயின், அது எங்கே கிடக்கிறது என்றும் கேட்கவேண்டுமல்லவா? றஸ்பிறிஜர் தமது கிராமத்து வீட்டிலே இசைக்கென ஓர் அறை கட்டுவிக்கிறார். உயர்தரமான பியானோவொன்றை அங்கே வைக்கிறார். வேண்டியபோது ஆசிரியரை அமர்த்திக்கொள்கிறார். பிள்ளைப் பருவத்திலேயே சங்கீதம் பயின்ற கைகள் அவருடையவை. இருபது நிமிடம் என்பது பனிக்கட்டியின் நீர்மேல் தெரியும் நுனி மாத்திரமே. அதன் கீழே அரை நூற்றாண்டுக் கல்வியும் வசதியும் அமிழ்ந்து கிடக்கின்றன. ஒரு துப்புரவுத் தொழிலாளிக்கும் நாளில் இருபது நிமிடம் கிடைக்கக்கூடும். அந்நிமிடங்களில் அவர் கால் நீட்டிப் படுப்பாராயின், அது மனவுறுதியின் குறைபாடு ஆகுமா? நேரத்தின் அளவு ஒன்று. அந்நேரத்தில் உடலில் எஞ்சியிருக்கும் தெம்பு வேறொன்று. நூல் முதலாவதைப் பற்றிப் பேசுகிறது. இரண்டாவதைப் பற்றி மௌனம் சாதிக்கின்றது.

வரலாற்றை நோக்கின் இது மேலும் துலங்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பாவிலே பியானோ நடுத்தர வர்க்கத்தின் மதிப்பைப் பறைசாற்றும் தளபாடமாய் இருந்தது. தவணைமுறை விற்பனை பெருகியதும் பிரித்தானியச் சுரங்கத் தொழிலாளர் சிலரின் வீடுகளுக்குள்ளும் அது புகுந்தது. கேட்கவேண்டுமாயின் வீட்டில் எவரேனும் வாசிக்கவேண்டும் என்ற நிலை அது. பின்னர் இசைத்தட்டும் வானொலியும் வந்தன. 1920களுக்குப் பின் வாசிப்போர் குறைந்து கேட்போர் பெருகினர். உலகத்தின் தலைசிறந்த கலைஞரை ஏழையும் கேட்க முடிந்தது பெரும் பேறுதான். ஆயினும் வாசிப்பவன் ஒருபுறம், காசு கொடுத்துக் கேட்பவன் மறுபுறம் என்ற பிரிவும் அத்துடன் இறுகிற்று.

இப்பிரிவைக் கூர்மையாய் உணர்ந்தவர் பிரெஞ்சு விமரிசகர் றோலண்ட் பார்த். பியானோ ஆசிரியையான தம் அத்தையிடம் இளமையிற் பயின்ற அவர், வாழ்நாள் முழுதும் தமக்காகவே வாசித்து வந்தார். சூமானின் ஆக்கங்களை விசேடமாக நேசித்தார். 1970 இல் எழுதிய கட்டுரையொன்றில், கேட்கும் இசை, வாசிக்கும் இசை என இசை இருவகைப்படும் என்றார். இரண்டாவது, காதைக் காட்டிலும் கைக்கும் தசைக்கும் உரியது. அது முதலில் வேலையற்ற பிரபுக்களின் கையிலும் பின்னர் பூர்ஷ்வாக் குடும்பத்துப் பெண்களின் கையிலும் இருந்து, இன்று மறைந்துவிட்டது என்பது அவர் துணிபு. கூற்று உண்மையே. எனினும் பார்த் இழப்பைச் சொல்லி ஏங்குவதோடு அமைகிறார். பிரபுவின் ஓய்வு எவர் உழைப்பிலிருந்து பிறந்தது என்பதை அவர் அக்கட்டுரையில் துருவி ஆராயவில்லை.

அவர் குறிப்பிடும் பூர்ஷ்வாக் குடும்பத்துப் பெண்களைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். பனி மெண்டல்சன் 1805 இற் பிறந்தவர். இசையமைப்பாளர் பீலிக்ஸ் மெண்டல்சனின் மூத்த சகோதரி. பதின்மூன்று வயதிலேயே பாஹ்கின் இருபத்துநான்கு முற்பாடல்களை மனனமாய் வாசித்தவர். சங்கீதம் தம்பிக்குத் தொழிலாகலாம், உனக்கு அணிகலனாகவே இருக்கவேண்டும் என்ற பொருளில் 1820 இல் அவர் தந்தை அவருக்குக் கடிதம் எழுதினார். பேர்லின் வீட்டில் ஞாயிறுதோறும் நடந்த கச்சேரிகளே பல்லாண்டாக அவருடைய அரங்காயின. ஆக்கங்களைத் தம் பெயரில் முறையாக வெளியிடத் துணிந்தது 1846 இல். மறு ஆண்டே காலமானார். அவர் 'அமெச்சூர்' ஆனது விருப்பத்தால் அன்று, விதிக்கப்பட்டதால். எனவே நேசத்துக்காக வாசித்தல் என்ற அழகிய தொடரை நாம் விழிப்போடு கையாளவேண்டும். தொழிலாகக் கொள்ளும் வாயில் திறந்திருந்தும் ஒருவர் அதை வேண்டாமென்றாரா, அன்றி அவ்வாயில் அவர் முகத்தில் அடைக்கப்பட்டதா? விமரிசகன் முதலில் விசாரிக்கவேண்டியது இதுவே.

இனி, வேறொரு வகை மனிதரை நோக்குவோம். 1918 முதல் 1930 வரை சோவியத் வெளிநாட்டு மக்கள் கொமிசாராய் இருந்த கியோர்கி சிச்சேரின் தேர்ந்த பியானோ வாத்தியக்காரர். 1872 இற் பிறந்த அவர் ரஷ்யப் பிரபு குலத்தவர். தமக்கு வந்த சொத்தைப் புரட்சி இயக்கத்துக்கு ஈந்தவர். 1917 இல் லண்டன் பிறிக்ஸ்டன் சிறையில் அடைபட்டிருந்தவர். பிறெஸ்ற்-லித்தோவ்ஸ்க் உடன்படிக்கையிலும், 1922 இல் ஜேர்மனியோடு செய்த றபாலோ உடன்படிக்கையிலும் கைச்சாத்திட்டவர். இரவிரவாக வேலை செய்யும் வழக்கமுடைய அவருக்கு மொஸார்ட்டின் இசை உற்ற துணையாயிற்று. பதவியிலிருந்து நீங்கிய காலத்தில், நோயுற்ற நிலையில், மொஸார்ட்டைப் பற்றி ஆய்வு நூலொன்றை எழுதினார். 1936 இல் அவர் இறந்து பல்லாண்டுகளின் பின்னர், 1970 இலேயே அது அச்சில் வெளிவந்தது. மொஸார்ட் இனிமையும் இலேசும் மிக்க அரண்மனைச் சங்கீதக்காரர் என்ற பொதுக் கருத்தை மறுத்து, துயரமும் ஆழமும் எதிர்கால நோக்கும் உடையவராக அவரைக் காட்டுவது அந்நூல்.

சிச்சேரினும் பிள்ளைப் பருவத்தில் மாளிகைப் பியானோவிற் பயின்றவரே என்பதை மறைப்பதில் பயனில்லை. ஆளுக்கு ஆள் ஒப்பிட்டால், அவருடைய முதல் றஸ்பிறிஜரின் முதலினும் பெரிது. ஆனால் அவர் சேர்ந்துகொண்ட இயக்கம் ஆட்சியேற்ற சில நாட்களுக்குள், 1917 நவம்பர் 11 இல், எட்டு மணிநேர வேலைநாளைச் சட்டமாக்கிற்று. தமக்குப் பிறப்பால் வாய்த்த பொழுது பிறர்க்கும் உரிமையாதல் வேண்டும் என்ற கொள்கையின் பக்கம் அவர் நின்றார். அவ்வரசு பின்னர் நடந்த பாதையெல்லாம் நேரானது என்று நாம் வாதிடவில்லை; பிற்காலத்தில் அங்கே கலைஞர் பட்ட இன்னல்கள் உலகறிந்தவை. ஆயினும் பொழுதைத் தனிமனிதனின் சாமர்த்தியமாகக் கொள்வதற்கும், அதைச் சமூகம் பங்கிடும் பொருளாகக் கொள்வதற்கும் இடையிலுள்ள தூரம் பெரிது.

மார்க்ஸ் இதனை இரு இடங்களிற் சிந்தித்துள்ளார். 1845-46 இல் ஏங்கெல்சுடன் சேர்ந்து எழுதிய 'ஜேர்மன் கருத்தியல்' நூலில், ஒரே தொழிலுக்குள் ஆயுள் முழுதும் அடைபடாமற் பல தொழில்களிலும் ஈடுபடும் மனிதனைக் கற்பனை செய்கிறார். 1857-58 இல் எழுதிய குறிப்புகளிலோ, சுதந்திரமான உழைப்பு விளையாட்டாகிவிடும் என்ற எண்ணத்தை மறுத்து, இசையமைத்தலையே எடுத்துக்காட்டி, அது மிகக் கடுமையான முயற்சியை வேண்டுவது என்கிறார். இவ்விரண்டையும் சேர்த்தே படித்தல் வேண்டும். முதலாவதை மட்டும் படித்தவர் கலையைப் பொழுதுபோக்காக்குவர். இரண்டாவதை மட்டும் படித்தவர் அதனை ஒரு சிலரின் ஏகபோகமாக்குவர். றஸ்பிறிஜரின் நாட்குறிப்பிலே நமக்குப் பிடித்தது, அவர் ஷோப்பனைப் பொழுதுபோக்காகக் கொள்ளாமையே. ஒரு தாளக் கட்டத்துக்காகப் பல வாரம் போராடும் பக்கங்களை, மாணவர்க்கு எழுத்துப் பயிற்சி கொடுக்கும் ஆசிரியர் எவரும் மனமொப்பிப் படிப்பர்.

இக்காலத்தில் அமெச்சூர் கலைஞருக்கெனச் சர்வதேசப் போட்டிகளும் தோன்றியுள்ளன. பாரிசில் 1989 இல் ஒன்று தொடங்கிற்று. அமெரிக்காவின் ரெக்சாஸ் மாநிலத்து போர்ட் வேர்த் நகரில் வான் கிளைபேர்ண் நிறுவனம் 1999 இல் மற்றொன்றைத் தொடங்கிற்று. 35 வயதுக்கு மேற்பட்டோராய், பியானோவைப் பிரதான பிழைப்பாகக் கொள்ளாதோராய் இருப்பவரே அதிற் பங்குபற்றலாம். தேர்ச்சியைச் சபையோர் முன்னிலையில் நிரூபிக்க அவை வாய்ப்பளிக்கின்றன என்பது நன்று. ஆனால் சந்தையின் நெருக்கடியிலிருந்து விலகி நின்று வாசிப்போரையும் முதலிடம், இரண்டாமிடம் என வரிசைப்படுத்தும்போது, தொழில் உலகின் பந்தயமே பின்கதவால் நுழைந்துவிடுகிறதன்றோ?

பலஸ்தீன அறிஞர் எட்வேட் சயித் இவ்விடத்தில் நமக்கு உதவுகிறார். கெய்ரோவில் இக்னாஸ் ரீகர்மன் என்ற ஆசிரியரிடம் பியானோ பயின்று, கொலம்பியப் பல்கலைக்கழகத்தில் இலக்கியப் பேராசிரியராய் விளங்கிய அவர், 1993 இல் பி. பி. சி. வானொலியில் ஆற்றிய றீத் விரிவுரைகளில் அமெச்சூர் என்ற சொல்லின் மானத்தை மீட்க முயன்றார். இலாபத்துக்கும் குறுகிய துறைநிபுணத்துவத்துக்கும் கட்டுப்படாது, அக்கறையின் பேரில் தன் துறையின் வேலியைத் தாண்டிச் செல்பவனே அறிவாளி என்றார். மருந்தெழுதும் கை மொஸார்ட்டை வாசிக்கலாம். வாசிக்கும் கை அநீதிக்கெதிராய் எழுதவும் செய்யலாம். நம் போன்ற சஞ்சிகைகளில் எழுதுவோரிற் பலரும் பகலில் வேறு கடமை பார்ப்போரே ஆதலின், இவ்வாதம் நமக்கு அந்நியமானதன்று.

ஆகவே நாம் இரண்டு கோரிக்கைகளை ஒருங்கே வைக்கிறோம். அமெச்சூரின் கலையை இரக்கத்தோடு தட்டிக்கொடுப்பதை விடுத்து, கலையாகவே எடைபோடவேண்டும். தவறான சுரம் எவர் கையிலும் தவறான சுரமே. அத்துடன், அக்கலைக்கு வேண்டிய பொழுதும் தெம்பும் பயிற்சியும் உழைப்போர் அனைவர்க்கும் கிட்டும் ஏற்பாட்டுக்காக வாதாடவும் வேண்டும். எட்டு மணி வேலை, எட்டு மணி உறக்கம், எட்டு மணி நமக்கு என்று சென்ற நூற்றாண்டுகளின் தொழிலாளர் முழங்கினர். 1886 மே மாதத்தில் சிக்காகோவில் அதற்காக உயிரும் கொடுத்தனர். அந்த மூன்றாவது எட்டு மணியிலேதான் பியானோவும் இருக்கிறது. றஸ்பிறிஜரின் நூலை மாணவர் படிக்கட்டும். படித்து முடித்தபின், இருபது நிமிடமும் இல்லாதவரின் நாட்குறிப்பை யார் எழுதுவர் என்றும் கேட்கட்டும்.