வீலர் அடித்த முளை

தவளக்குப்பத்திலிருந்து புதுவை போகும் சாலையில், அரியாங்குப்பத்தில் கிழக்கே திரும்பினால் காக்காயன்தோப்பு. அங்கே அரிக்கமேடு என்னும் ஆற்றங்கரை மேட்டில் நிற்கும் செங்கல் சுவரை ரோமானியர் கட்டியது என்று நினைத்துவிட வேண்டாம். அது 18ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சுப் பாதிரிமார் கட்டடத்தின் மிச்சம். அரிக்கமேட்டில் ரோம் கிடைத்தது மண்ணுக்கடியில், ஓட்டுத் துண்டுகளாகத்தான்.

அந்த மேட்டின் அருமையை முதலில் உணர்த்தியவர் புதுவைப் பேராசிரியர் ழூவோ துப்ராய். 1945இல் தோண்ட வந்த மார்டிமர் வீலர், அப்போது இந்தியத் தொல்லியல் துறையின் தலைமை இயக்குநர். எந்த ஓடு எந்த மண்ணடுக்கில் கிடந்தது என்று விடாமல் குறித்து வைப்பது அவர் பழக்கம். மெருகேறிய சிவப்பு அரிட்டைன் ஓடுகள் கிடைத்தன. சிலவற்றில் இத்தாலியக் குயவரின் முத்திரையே இருந்தது. கி.பி. முதல் நூற்றாண்டின் நடுவோடு அந்த ரகத்தின் காலம் முடிந்துவிட்டது. ஆகவே அது கிடந்த அடுக்குக்கும் காலம் சொல்லிவிடலாம். கார்பன் கணிப்பு வராத நாளில் இது பெரிய காரியம்.

ஆனால் இப்படிக் காலத்துக்கு அடித்த அந்த ஒரே முளையில் தென்னிந்தியா முழுவதையும் கட்டப் பார்த்தார் வீலர். அரிக்கமேட்டில் இன்னொரு ரகமும் கிடைத்தது: மெல்லிய சாம்பல் நிறத் தட்டு, உள்ளடியில் வட்டம் வட்டமாகப் புள்ளி வரிசை. ரூலெட்டட் என்பார்கள். அதை மத்தியதரைக் கடல் கைவேலையின் வழிவந்ததாகக் கொண்டு, 1947இல் தோண்டிய கர்நாடகத்துப் பிரம்மகிரியின் காலத்தையும் அதை வைத்தே கணித்தார். பெருங்கற்காலம் கி.மு. 200 வாக்கில் தொடங்கியதாக முடிவானது. பின்னாளில் அது பல நூற்றாண்டுகள் முன்னே போனது. அந்தத் தட்டின் களிமண்ணும் இந்திய மண்தான் என்று ஆய்வுகள் காட்டின.

கணக்குப் பிசகியதைக்கூட மன்னிக்கலாம். அந்நியச் சரக்கு வந்திறங்கும்வரை இங்கே இருந்தவர்கள் சோம்பலாய்க் காலம் கழித்த மீனவர்கள் என்கிற மாதிரி அவர் எழுதியதை என்னால் விழுங்க முடியவில்லை. தமிழ்ப் பிராமி கீறிய ஓடுகள் அவர் குழியிலேயே கிடைத்தன. மணி செய்யும் தொழிலும் இதே மேட்டில் நடந்திருக்கிறது.

தொல்லியலாளர் விமலா பெக்லி 1989 முதல் 1992 வரை மீண்டும் தோண்டி, குடியிருப்பின் தொடக்கத்தை ரோமானிய வணிகத்துக்கு முன்னே கொண்டுபோனார். அதற்கும் முன்பே, 1983இல், வீலரின் அறிக்கையை வரி வரியாகத் திரும்ப வாசித்துத்தான் அவரை மறுத்தார். தோண்டிய மறு ஆண்டே, 1946இல், அச்சேறிய அறிக்கை அது. 2004இல் ஆதிச்சநல்லூரில் தோண்டினோமே, அதன் அறிக்கைக்குப் பத்தாண்டுக்கும் மேல் காத்துக் கிடந்தோம்.