கதவைத் தட்டுவது யார்?

டெக்சாஸ் புறநகர் ஒன்றில் வீடு வாங்கியிருக்கும் என் மச்சினன் போனமுறை ஊருக்கு வந்தபோது ஒரு கையேட்டைக் காட்டினான். துப்பாக்கிக் கடையில் சும்மா கொடுத்தார்களாம். ஷாட்கன் எதற்கு என்று மூன்று தலைப்புகள்: விளையாட்டு, வீட்டுப் பாதுகாப்பு, ஆபத்துக்கால முன்னேற்பாடு. "எல்லார் வீட்லயும் இருக்கு அத்தான். நாம மட்டும் வெறுங்கையோட இருந்தா எப்படி?" என்றான். துப்பாக்கி என்றதுமே முகம் சுளிக்கிற சுத்த அகிம்சாவாதி அல்ல நான். இதை ஒரு பிரதியாக வாசித்துப் பார்ப்போமே என்று வாங்கி வைத்துக்கொண்டேன்.

இவ்வகைக் கையேடுகளின் மொழி தொழில்நுட்ப மொழி. 12 கேஜ் என்றால் குழலின் வாயளவுள்ள ஈயக் குண்டுகள் 12 சேர்ந்து ஒரு பவுண்டு எடை. பறவைக்கு எந்த ரவை, மானுக்கு எந்த ரவை, சுவரைத் துளைத்துப் பக்கத்து அறையில் தூங்கும் குழந்தைமேல் படாமலிருக்க என்ன செய்வது - எல்லாம் இருக்கிறது. ஒருவன் மட்டும் விவரிக்கப்படுவதில்லை: சுடப்படப் போகிறவன். 'அத்துமீறி நுழைபவன்' என்பதோடு சரி. அவனுக்கு வயதில்லை, நிறமில்லை, வந்த காரணமில்லை. பிரதி விட்டுவைக்கும் இந்த வெற்றிடத்தை வாசகரின் பொதுப்புத்தி நிரப்பிக்கொள்கிறது. அமெரிக்காவில் அந்தப் பொதுப்புத்திக்கு ஒரு நிறம் உண்டு.

விளையாட்டிலிருந்து தொடங்கலாம். 19ஆம் நூற்றாண்டில் உயிருள்ள புறாக்களைப் பெட்டியிலிருந்து பறக்கவிட்டுச் சுட்டார்கள். பிறகு கண்ணாடி உருண்டைகள் வந்தன. 1880களில் களிமண் தட்டுகள். பெயர் மட்டும் இன்றும் 'களிமண் புறா'தான். சுடுபவர் குரல் கொடுத்த பிறகே தட்டு கிளம்பும். கண்ணும் தோளும் ஒன்றாகத் திரும்பும் அந்த லாவகத்தின்மீது எனக்கு விரோதமில்லை. ஆனால் 'எதைச் சுடுகிறோம்' என்ற சந்தேகத்துக்கே வேலையில்லாத இடம் அந்த மைதானம். குறி தப்பலாம், இலக்கு தப்பாது. கையேட்டின் பக்கத்தைப் புரட்டி வீட்டுக்குள் நுழையும்போது இந்தச் சந்தேகமின்மையும் கூடவே நுழைந்துவிடுகிறது.

2013 நவம்பர் 2. மிச்சிகன் மாநிலம் டியர்பார்ன் ஹைட்ஸ். விடிவதற்கு முன், 19 வயதுக் கறுப்பினப் பெண் ஒருத்தி ஒரு வீட்டுக் கதவைத் தட்டுகிறாள். சில மணி நேரத்துக்கு முன்தான் நின்றிருந்த கார் ஒன்றின்மீது தன் காரை மோதியிருந்தாள், குடித்துமிருந்தாள். வீட்டுக்காரர் உட்கதவைத் திறந்து, பூட்டியிருந்த வலைக்கதவு வழியாகவே 12 கேஜ் ஷாட்கனால் முகத்தில் சுட்டார். கையில் ஆயுதமில்லாத பெண். முதலில் போலீஸிடம், தெரியாமல் வெடித்துவிட்டது என்றார். நீதிமன்றத்தில், உயிருக்குப் பயந்து சுட்டேன் என்றார். ஒரே குண்டுக்கு இரண்டு கதையாடல்கள். வழக்குப் பதியவே ஏறத்தாழ இரண்டு வாரமானது. 2014இல் இரண்டாம் நிலைக் கொலை என்று நடுவர்கள் தீர்ப்பளித்தார்கள். தீர்ப்பு சரிதான். ஆனால் அந்தப் பெண் தட்டிய சத்தத்தை ஆபத்து என்று மொழிபெயர்த்தது எது? அதை எந்த நடுவரிடம் கொண்டுபோவது?

மூன்றாவது தலைப்பான ஆபத்துக்காலத்துக்கு நியூ ஆர்லியன்ஸ் சாட்சி. 2005 கத்ரீனா புயலில் நகரம் மூழ்கியபோது ஆல்ஜியர்ஸ் பாயின்ட் பகுதி மூழ்கவில்லை. அங்கிருந்த படகுத்துறை வழியாகத்தான் மக்களை வெளியேற்றிக்கொண்டிருந்தார்கள். வெள்ளையர்கள் சிலர் விழுந்த மரங்களைத் தெருவில் போட்டு மறித்து, துப்பாக்கியோடு காவல் நின்றார்கள். படகுத்துறைக்கு நடந்துபோன கறுப்பர்கள் மூவர்மீது ஷாட்கன் ரவை பாய்ந்தது. குற்றம் சாட்டப்பட 2010 வரை ஆனது. சுட்டவர் குற்றத்தை ஒப்புக்கொண்டது 2018இல். புயலிலிருந்து தப்பி வந்தவனே, முன்னேற்பாட்டோடு இருந்தவன் கண்ணுக்குப் பேரிடராகத் தெரிந்திருக்கிறான்.

இன்னொன்றையும் கையேடு சொல்வதில்லை. 2021இல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,830 பேர். அதில் 26,328 பேர் தற்கொலை செய்துகொண்டவர்கள். அந்நியன் வாசலுக்கே வரவில்லை. வீட்டுக்காரன் கையாலேயே வீட்டுக்காரன் செத்தான்.

இத்தோடு நிறுத்தினால் நான் தப்பித்துக்கொள்ளலாம். வரலாறு விடாது. 1865இல் மிசிசிப்பி, விடுதலையான கறுப்பர்கள் அனுமதியின்றித் துப்பாக்கி வைத்திருக்கக்கூடாது என்று சட்டம் போட்டது. அதே மாநிலத்தில் 1962இல் வாக்காளராகப் பதியப் போனதற்காகத் தோட்டத்திலிருந்து விரட்டப்பட்டவர் ஃபானி லூ ஹாமர். படுக்கையறையின் மூலைக்கு மூலை ஷாட்கன் வைத்திருந்ததாக அவரே சொன்னார். 1964இல் லூசியானாவின் ஜோன்ஸ்பரோவில் கறுப்பர்கள் கூடி, ஆயுதமேந்திக் காவல் காக்கும் அமைப்பைத் தொடங்கினார்கள். அவர்களுக்குக் கதவைத் தட்டுவது யார் என்பதில் குழப்பமில்லை. வந்தவன் முகமூடி போட்டிருந்தான். பல ஊர்களில் அவன் போலீஸ்காரனாகவும் இருந்தான். 1967இல் கலிஃபோர்னியாவில் கருஞ்சிறுத்தைகள் துப்பாக்கியோடு தெருவில் நின்றதும் என்ன நடந்தது? குண்டு நிரப்பிய துப்பாக்கியைப் பொது இடத்தில் ஏந்தத் தடை வந்தது. கையெழுத்திட்டவர் ஆளுநர் ரீகன். ஆதரித்தது தேசிய ரைஃபிள் சங்கம். தற்காப்பு உரிமை எல்லாருக்கும் பொது என்கிற சொல்லாடலின் லட்சணம் இதுதான்.

ஆகவே துப்பாக்கி வேண்டுமா வேண்டாமா என்று மட்டும் கேட்டால் போதாது. யாருடைய பயத்தைச் சட்டம் பயமாக ஏற்றுக்கொள்கிறது என்றும் கேட்க வேண்டும். நம் நாட்டில் இந்தக் கேள்வியைத் தொட்ட ஒரு விதி உண்டு. 1995ஆம் ஆண்டின் தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் வன்கொடுமைத் தடுப்பு விதிகளில் 3ஆம் விதி. வன்கொடுமை நிகழக்கூடிய பகுதிகளில் மற்ற சாதியாரின் துப்பாக்கி உரிமங்களை ரத்துசெய்யச் சொல்கிறது. தேவையென்று கருதினால் தலித்துகளுக்கும் பழங்குடியினருக்கும் உரிமம் வழங்கச் சொல்கிறது. கையேடு மறைத்த நபரை இந்த விதி அடையாளம் காட்டிவிட்டது: ஆபத்து ஊர்பேர் தெரியாத அந்நியனிடமிருந்து வருவதில்லை, அதிகாரம் உள்ள அண்டைவீட்டானிடமிருந்து வருகிறது.

இதைச் சொன்னால் தோழர்கள் சிலர் உரிமம் கொடு என்ற பாதியை மட்டும் பிடித்துக்கொள்கிறார்கள். வீட்டுக்குள் நுழைந்த துப்பாக்கி யாரைக் கொல்லும் என்பதை மேலே பார்த்தோம். அது தலித் வீட்டுக்கு மட்டும் விலக்களிக்காது. விதியில் ரத்து முதலில் வருகிறது, உரிமம் அப்புறம்தான். அந்த வரிசையிலேயே அதைக் கேட்க வேண்டும் என்பது என் கட்சி. எடுத்தவுடன் உரிமம் கேட்பது, ஆதிக்கசாதிக்காரன் வீட்டு மாடத்தில் இருக்கும் ரட்டைக்குழலை அங்கேயே விட்டுவைத்துப் பேசுவது.

மச்சினனிடம் இவ்வளவும் சொல்லவில்லை. கையேட்டைத் திருப்பிக் கொடுக்கும்போது ஒன்று மட்டும் கேட்டேன்: "நம்ம நிறம் இது. ராத்திரி ரெண்டு மணிக்கு உன் காரு நின்னுபோனா நீ எந்தக் கதவைத் தட்டுவே?" கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். "தட்ட மாட்டேன் அத்தான். காருக்குள்ளயே உட்கார்ந்திருப்பேன்" என்றான்.