ஆனந்தி கோபால்: கணவரின் கண்டிப்பும் மனைவியின் தீர்ப்பும்

மேலை மருத்துவத்தில் பட்டம் பெற்ற முதல் இந்தியப் பெண்களுள் ஒருவர் ஆனந்திபாய் ஜோஷி. அவரது வாழ்வை 2019 பிப்ரவரியில் வெளிவந்த 'ஆனந்தி கோபால்' என்னும் மராத்தித் திரைப்படம் சித்திரிக்கிறது. இயக்கியவர் சமீர் வித்வான்ஸ். ஆனந்தியாகப் பாக்யஸ்ரீ மிலிந்தும் கணவர் கோபால்ராவாக லலித் பிரபாகரும் நடித்துள்ளனர். தேசிய விருதும் பெற்ற இப்படத்தின் நேர்த்தியில் எனக்குக் குறை இல்லை. அது திருமணத்தை நோக்கும் கோணத்திலேதான் தயக்கம்.

1865-இல் பிறந்த யமுனா, ஒன்பது வயதில், மனைவியை இழந்தவரும் தன்னினும் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் மூத்தவருமான அஞ்சலக எழுத்தரை மணந்து ஆனந்தி ஆனாள். மனைவி படித்தே ஆகவேண்டும் என்பது கோபால்ராவின் நிபந்தனை. பதினான்கு வயதில் அவள் ஈன்ற குழந்தை, தக்க மருத்துவமின்றிப் பத்தே நாளில் இறந்தது. மருத்துவராக வேண்டும் என்னும் உறுதி அத்துயரிலிருந்தே பிறந்தது. படம் இவ்விடத்தில் நெஞ்சைத் தொடுகிறது.

கோபால்ராவின் கடுமையைப் படம் மறைக்கவில்லை. ஆயினும் அதைக் காதலுக்கு முன்னுரையாக்கிவிடுகிறது. 1586-இல் முத்துக்குளித்துறையில் 'அடியார் வரலாறு' அச்சேற்றிய அண்ட்ரிக் அடிகளார் வாழ்ந்த புன்னைக்காயல் மக்களுக்குப் புனிதர் சரிதங்கள் புதியவையல்ல. சரிதம் எழுதுவோர் கரடுமுரடானவற்றை எவ்வாறு இழைத்துவிடுவர் என்பதையும் நாம் அறிவோம். இங்கே அந்த இழைப்புளி கணவர் மீது ஓடியிருக்கிறது.

அமெரிக்காவிலிருந்து ஆனந்தி கணவருக்கு எழுதிய மடல் ஒன்று உண்டு. பத்து வயதில் தன்னைக் கட்டைத் துண்டால் அடித்ததையும், பன்னிரண்டில் நாற்காலியையும் நூல்களையும் வீசியதையும், கைவிட்டுப் போவதாக மிரட்டியதையும் வயது வாரியாக அதில் எண்ணிக் காட்டுகிறார். நோக்கத்தைக் கருதினால் அது சரியெனத் தோன்றலாம். ஒரு குழந்தையின் மனத்தைக் கருதினால் தவறே என்கிறார். வெறுப்பும் இல்லை, மழுப்பலும் இல்லை. இவ்வளவு நடுநிலையான தீர்ப்பு கையிலிருக்க, காதல் கதை எதற்கு?

நம்மை நேரடியாகத் தொடும் பகுதியும் ஒன்றுண்டு. மனைவியின் கல்விக்கு உதவி வேண்டி கோபால்ராவ் மறைப்பணியாளர்களுக்கு எழுதினார். மதம் மாறினால் உதவலாம் என்பதே ராயல் வைல்டர் என்னும் போதகரின் மறுமொழி. அம்மடல்களை வைல்டர் தம் இதழில் வெளியிட, அதனைத் தற்செயலாகப் படித்த நியூஜெர்சியின் தியோடிசியா கார்ப்பென்டர் என்னும் பெண்மணி நிபந்தனை ஏதுமின்றித் தம் இல்லத்தைத் திறந்துவிட்டார். இருவரும் கிறிஸ்தவரே. எவர் நற்செய்தியைப் படித்தவர் என்பதை வாசகர் உணர்வர். இந்துவாகவே சென்று இந்துவாகவே திரும்புவேன் என்று 1883-இல் செராம்பூரில் உரையாற்றிவிட்டே ஆனந்தி கப்பலேறினார், சொன்னபடியே திரும்பினார்.

1886 மார்ச்சில் பென்சில்வேனியா மகளிர் மருத்துவக் கல்லூரியில் பட்டம். கோலாப்பூர் மருத்துவமனையில் மகளிர் பிரிவின் பொறுப்பும் காத்திருந்தது. ஆனால் காசநோயுடன் நாடு திரும்பிய அவர், 1887 பிப்ரவரி 26 அன்று புனேயில் உயிர்நீத்தார். வயது 22-கூட நிறையவில்லை.

அடுத்த மாதமே பம்பாய் உயர்நீதிமன்றம், சிறுவயதில் தன் இசைவின்றி மணமுடிக்கப்பட்ட கணவருடன் வாழ மறுத்த ருக்மாபாய்க்கு, அவருடன் வாழ்க அல்லது சிறை செல்க எனத் தீர்ப்பளித்தது. பின்னாளில் அவரும் மருத்துவரானார். திருமணத்தை உண்டாக்குவது இருவரின் இசைவே என்பது திருச்சபையின் நெடுங்காலப் போதனை. (எனினும் பெண்ணுக்குரிய வயது வரம்பை 1917 வரை நம் சட்டமும் பன்னிரண்டிலேயே வைத்திருந்தது.) ஒன்பது வயதுச் சிறுமியிடம் அவ்விசைவை யார் கேட்டார்? படம் கேட்கவில்லை.

கோபால்ராவைக் கொடியவர் என்றும் கூறேன். மனைவி இறந்தபின் அவளது அஸ்தியைக் கடல்கடந்து கார்ப்பென்டர் அம்மையாருக்கே அவர் அனுப்பிவைத்தார். நியூயார்க் மாநிலத்துப் போக்கீப்சியில், அக்குடும்பத்தாரின் கல்லறை நிலத்தில் அது அடக்கம் செய்யப்பட்டது.