யாருடைய அச்சம் நியாயமானது?

2012 ஜனவரியில், நியூயார்க் நகரின் பிராங்ஸ் பகுதியில் வசித்த டெபோரா டேனர் என்ற கறுப்பினப் பெண் ஆறு பக்கக் கட்டுரை ஒன்றை எழுதித் தன் வழக்கறிஞரிடம் கொடுத்தார். மனச்சிதைவு நோயோடு வாழ்வது எப்படியிருக்கும் என்பதே அதன் பொருள். வேலையிலும் உறவுகளிலும் நோய் உண்டாக்கிய இழப்புகள், அதை மறைத்தே நடமாட வேண்டிய அயர்ச்சி, தற்கொலை எண்ணங்கள், ஊரார் பார்வையில் படிந்த இழிவு என்று எல்லாவற்றையும் அதில் நிதானமாக வரிசைப்படுத்தியிருந்தார். நெருக்கடியில் இருக்கும் மனநோயாளிகளிடம் மருத்துவம் அறிந்தவர்களுக்குப் பதிலாகக் காவலர்கள் வந்து சேர்வதும், அது சாவில் முடிவதும் அடிக்கடி நடக்கிறது என்றும் எழுதியிருந்தார். 2016 அக்டோபர் 18 அன்று டேனர் தன் வீட்டுப் படுக்கையறையில் ஒரு காவல்துறை சார்ஜென்ட்டால் சுட்டுக் கொல்லப்பட்டார். அப்போது அவருக்கு வயது 66.

அவர் இறந்த பிறகே அந்தக் கட்டுரை பத்திரிகைகளில் வெளிவந்தது. தன் சாவை முன்கூட்டியே எழுதிவைத்தவர் என்று பலரும் அவரைப் பற்றி உருக்கமாகப் பேசினார்கள். இது அவரைப் பெருமைப்படுத்தும் வாசிப்பு போலத் தோன்றும். ஆனால் இந்த வாசிப்பில் ஒரு தந்திரம் இருக்கிறது. தீர்க்கதரிசனம் என்று சொல்லிவிட்டால் நடந்தது விதியாகிவிடும். விதியிடம் யாரும் கணக்குக் கேட்பதில்லை. டேனர் எதிர்காலத்தைப் பார்த்து எழுதியவரல்ல. தன் ஊரில் ஏற்கெனவே நடந்த ஒரு கொலையை நினைவில் வைத்துக்கொண்டு எழுதினார்.

கொல்லப்பட்டவர் எலினார் பம்பர்ஸ். அவரும் பிராங்ஸில் வாழ்ந்த கறுப்பினப் பெண்; அவருக்கும் வயது 66. அரசுக் குடியிருப்பில் மாதம் 98 டாலர் 65 சென்ட் வாடகைக்கு இருந்தார். நான்கு மாத வாடகை பாக்கி. நகர நிர்வாகம் அனுப்பிய மனநல மருத்துவர் அவரைப் பார்த்து, மருத்துவமனையில் சேர்க்க வேண்டிய நிலையில் இருக்கிறார் என்று சொல்லியிருந்தார். அதிகாரிகளோ முதலில் வீட்டிலிருந்து வெளியேற்றுவோம், பிறகு மருத்துவமனையில் சேர்ப்போம் என்று முடிவெடுத்தார்கள். 1984 அக்டோபர் 29 அன்று காவல்துறையின் அவசர சேவைப் பிரிவினர் கேடயங்களோடும், ஆளைச் சுவரோடு அழுத்திப் பிடிக்கும் கவைக் கம்போடும், ஷாட்கன் துப்பாக்கியோடும் உள்ளே நுழைந்தனர். பம்பர்ஸ் கையில் சமையலறைக் கத்தி இருந்தது. இரண்டு முறை சுட்டார்கள்.

இந்த வரிசையைக் கவனியுங்கள். நோயாளி என்று தெரிந்த பிறகும் அவர் வீட்டுக்கு முதலில் போய்ச் சேர்ந்தது வாடகை பாக்கிக்கான வெளியேற்ற ஆணை. மருத்துவம் அதற்குப் பின்னால் நின்றது. பம்பர்ஸ் விஷயத்தில் ‘அவசரம்’ என்பது வீட்டைக் காலி செய்ய வைப்பதற்கான அவசரம்தான்.

டேனரின் கட்டுரை பம்பர்ஸைப் பற்றிச் சொல்லும் இடம் சில வரிகள்தான். ஆனால் அந்த வரிகளில் ஒரு விமர்சகரின் கண் தெரிகிறது. பருத்த உடல்வாகுள்ள ஒரு பெண்ணைத் தங்கள் உயிருக்கு ஆபத்தாகக் கண்டவர்கள் யார் என்பதை அவர் சுட்டிக்காட்டுகிறார்: வளர்ந்த ஆண்கள், அதிலும் பலர், அதிலும் காவலர்கள். யார் யாரைப் பார்த்துப் பயந்தார்கள் என்ற கேள்வியை அவர் அங்கே நட்டுவைக்கிறார்.

சட்ட அறிஞர் பாட்ரிசியா வில்லியம்ஸ் 1987இல் இதே வழக்கைப் பற்றி எழுதியபோது இதே கேள்வியைத்தான் விரித்தார். துப்பாக்கி ஏந்திய காவலருக்கு, வாடகை கட்ட முடியாத ஒரு முதிய பெண் எப்படி அவ்வளவு பெரிய பயங்கரமாகத் தெரிந்தார்? அந்தப் பயம் எங்கே கற்றுக்கொடுக்கப்பட்டது? காவலர் தரப்பு பம்பர்ஸின் உடல் எடையைத் திரும்பத் திரும்பச் சொன்னது. கறுப்பு உடல், பருத்த உடல், சொன்னதைக் கேட்காத பெண்ணுடல் ஆகிய மூன்றும் சேர்ந்து, கத்தியைவிடப் பெரிய ஆயுதமாக நீதிமன்றத்தில் காட்டப்பட்டன. சுட்ட காவலரை 1987இல், ஜூரி இல்லாமல் தனியாக விசாரித்த நீதிபதி விடுதலை செய்தார்.

32 ஆண்டுகள் கழித்து டேனர் வீட்டில் நடந்ததை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். அவர் சத்தம் போடுவதாக 911க்கு அழைப்பு போனது. முன்பு அவரை மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று பழகிய சகோதரி, இம்முறையும் கூடப் போவதற்காக வந்து நடைக்கூடத்தில் காத்திருந்தார். அவசர மருத்துவ ஊழியரான ஒரு பெண் டேனரோடு பேசத் தொடங்கியிருந்தார். அந்தப் பேச்சு நடந்துகொண்டிருந்தபோதே காவலர்கள் முன்னே பாய்ந்தார்கள் என்று அவர் பின்னர் நீதிமன்றத்தில் சாட்சி சொன்னார். டேனர் கையிலிருந்த கத்தரிக்கோலைக் கீழே வைக்கச் செய்ததாகவும், அதன் பிறகு அவர் பேஸ்பால் மட்டையை எடுத்ததாகவும் சார்ஜென்ட் தரப்பு சொன்னது. இரண்டு குண்டுகள். மறுநாளே நகர மேயர் இது நடந்திருக்கவே கூடாது என்றார். காவல் ஆணையர் தாங்கள் தவறிவிட்டதாக ஒப்புக்கொண்டார். ஆனாலும் 2018 பிப்ரவரியில், இங்கும் ஜூரி இல்லாத விசாரணையில், சார்ஜென்ட் விடுதலையானார்.

இரண்டு வழக்கிலும் நீதிமன்றம் எடைபோட்டது ஒரே விஷயத்தை: சுட்டவருடைய அச்சம் நியாயமானதா? தன் உயிருக்கு ஆபத்து என்று அவர் கருதியதற்கு இடமிருந்ததா? இந்தக் கேள்விக்குள் நின்று பார்த்தால் மட்டை மட்டும்தான் தெரியும். தன் படுக்கையறைக்குள் சீருடை ஆண்கள் நுழைவதைப் பார்த்த 66 வயதுப் பெண்ணின் அச்சத்தை அளக்க அந்தச் சட்டத்தில் அளவுகோல் இல்லை. அவர் மட்டையை எடுத்தாரென்றால் அதுவும் தற்காப்பாக இருந்திருக்கலாம் என்பதை யாரும் எடைபோட வேண்டியதில்லை. நியூயார்க் காவல்துறையின் குறிப்புகளில் இப்படிப்பட்டவர்களுக்கு ‘இ.டி.பி.’ என்று மூன்றெழுத்துப் பெயர் உண்டு. உணர்ச்சி குலைந்தவர் என்று பொருள். இந்தச் சொல் ஒலித்ததும் அவருடைய அச்சம் நோயின் அறிகுறியாகிவிடுகிறது. காவலருடைய அச்சம் மட்டும் அறிவாக நிற்கிறது. பெண்களின் கோபத்தையும் பயத்தையும் ‘உணர்ச்சிவசப்படுதல்’ என்று ஒதுக்கும் பழைய பழக்கம் இங்கே உயிர் குடிக்கும் அளவுக்குப் போகிறது.

டேனர் தன் கட்டுரையில் காவலர்களுக்கு முறையான பயிற்சி வேண்டும் என்று கேட்டார். இந்த ஒரு இடத்தில் அவரோடு நாம் விவாதிக்க வேண்டியிருக்கிறது. உடனடி ஆபத்து இல்லாதபோது நெருங்காமல் நின்று, பேசி, சிறப்புப் பிரிவு வரும்வரை காத்திருக்க வேண்டும் என்பது 2016இல் காவல்துறையின் விதியாகவே இருந்தது. காத்திருக்கச் சொன்ன விதி இருந்தும் காத்திருக்கவில்லை. கீழ்ப்படியாத ஒருவரைக் கீழ்ப்படிய வைப்பதே வேலை என்று பழகியவர்களுக்கு, காத்திருப்பது தோல்வி போலத் தெரிகிறது. சில நாள் வகுப்பு இதை மாற்றுமா? அந்த வீட்டில் பேசத் தெரிந்த ஒருவர் ஏற்கெனவே பேசிக்கொண்டிருந்தார். அவருக்குக் குறைவாக இருந்தது பயிற்சியல்ல, அங்கே முடிவெடுக்கும் அதிகாரம்.

2021 ஜூனில் நியூயார்க் நகரம் ஹார்லெம் பகுதியில் ‘பி-ஹியர்ட்’ என்ற திட்டத்தைத் தொடங்கியது. மனநல நெருக்கடி என்று 911க்கு வரும் அழைப்புகளுக்குக் காவலர்களுக்குப் பதிலாக மருத்துவ, மனநலப் பணியாளர்களை அனுப்புவதற்கான திட்டம் இது. நல்ல மாற்றம்தான். ஆனால் ஆயுதம் இருக்கிறது, உடனடி ஆபத்து இருக்கிறது என்று கருதப்படும் அழைப்புகளுக்குக் காவலர்களே போகிறார்கள். கத்தியும் கத்தரிக்கோலும் எல்லா வீட்டிலும் இருப்பவை. கையில் எதையாவது வைத்திருக்கும் பெண் ஆபத்தானவர் என்று தொலைபேசியில் யாரோ ஒருவர் சொன்னாலே போதும். பழைய வழி திறந்துகொள்ளும். பம்பர்ஸும் டேனரும் இன்றைக்கு அந்தப் பட்டியலில் எந்தப் பக்கம் விழுவார்கள் என்று கேட்டுப் பார்க்காமல் இந்தத் திட்டத்தைப் பாராட்ட முடியாது.

ஆகவே டேனரின் கட்டுரையை இரங்கலாக வாசிக்க வேண்டாம். சட்டமோ சமூகப்பணியோ செவிலியமோ படிக்கும் மாணவியர் அதைப் பாடமாக வாசிக்கலாம். நோயை அறிந்தவர், அமைப்பை அறிந்தவர், தனக்கு முன் கொல்லப்பட்டவரை மறக்காதவர் எழுதியது அது. அது வெளிவருவதற்கு நான்கு ஆண்டுகளும் ஒரு சாவும் தேவைப்பட்டன. மனநோயாளி என்று முத்திரை குத்தப்பட்ட பெண்கள் இப்போதும் எழுதிக்கொண்டிருக்கிறார்கள், வழக்கறிஞர்களிடமும் மருத்துவர்களிடமும் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் உயிரோடு இருக்கும்போதே அவற்றை வாசிக்கும் கடமை நமக்கு இருக்கிறது.