திரையில் ஓடும் ஆறும் தெருவில் ஓடும் ஆறும்

தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாகாது என்பர். மாட்டுக்கு அது பொருந்தலாம், கலைக்குப் பொருந்தாது. பள்ளிகளிலும் பொதுமன்றங்களிலும் காட்டுவதற்கென்று விலையின்றி வழங்கப்படும் சுற்றுச்சூழல் ஆவணப்படங்களை நாம் நன்றியுடன் பெற்றுக்கொள்கிறோம். ஆனால் திறனாய்ந்து பார்ப்பதில்லை. குழந்தைகளின் உள்ளத்தில் பதியப்போகும் ஒன்றை எடைபோடாமல் ஏற்பது நன்றியாகாது, அசட்டையேயாகும்.

இவ்வெண்ணம் எனக்குத் தோன்றியது ஆரணிக்கும் திருமலைக்கும் இடைப்பட்ட ஓர் ஊரில். நெசவாளர் வீட்டுப் பிள்ளைகளைக் கூட்டி, 'ஹோம்' என்னும் பிரெஞ்சுப் படத்தை நானே போட்டுக் காட்டினேன். படம் முடிந்ததும் சாயப்பட்டறைத் தொழிலாளி ஒருவரின் மகள் எழுந்து, "எங்க அத்தா சாயத்தொட்டியிலேருந்து கொட்டுற தண்ணி எங்கே போகுது? அது ஏன் இந்தப் படத்திலே வரலே?" என்று கேட்டாள். என்னிடம் விடை இல்லை. அந்தப் படத்திலும் இல்லை.

யான் ஆர்த்துஸ் பெர்த்ராந் இயக்கிய அப்படம், 2009 ஜூன் 5, உலகச் சுற்றுச்சூழல் நாளன்று பல நாடுகளில் ஒரே வேளையில் இலவசமாக வெளியிடப்பட்டது. ஏறத்தாழ முழுவதும் வானிலிருந்தே எடுக்கப்பட்டது. அழகில் அதற்கு ஈடு குறைவு. அதன் குறையும் அந்த உயரத்திலேயே இருக்கிறது. வானிலிருந்து பார்த்தால் மாசுபட்ட ஆறும் ஓவியம்போல் தோன்றும், மனிதர் எறும்பாவர், குற்றம் யாருடையது என்பது தெரியாது. படத்திற்குப் பொருளுதவி செய்த ஆடம்பரப் பொருள் நிறுவனத்தின் வணிகச் சின்னங்கள் ஒன்றுகூடிப் படத்தின் பெயராக உருவெடுப்பதைத் தொடக்கத்திலேயே காணலாம். நாம் விலை கொடுக்கவில்லை என்றால் வேறெவரோ கொடுத்திருக்கிறார் என்பது பொருள்.

ஆனி லெனார்டின் 'பொருள்களின் கதை' (2007) இதற்கு நேர்மாறானது. ஏறத்தாழ 20 நிமிடம், கோட்டோவியங்கள், ஒரு பெண் நின்று பேசுகிறார், அவ்வளவே. மண்ணிலிருந்து எடுத்தல், ஆக்கல், விற்றல், வாங்கல், எறிதல் என ஒரு பொருளின் வாழ்வை அது பின்தொடர்கிறது. சிக்கலானவற்றைச் சில இடங்களில் மிக எளிதாக்கிவிடுகிறது என்பது மெய்யே. ஆனால் ஆசிரியர் கையில் ஒரு முறையைத் தந்துவிடுகிறது. அதே முறையில் ஒரு பட்டுச்சேலையைத் தொடர்ந்து பாருங்கள்: கர்நாடகத்துப் பட்டுக்கூடு, சூரத்தின் சரிகை, பசை நீக்க நூலைச் சோப்பும் சோடாவும் இட்டுக் கொதிக்கவைக்கும் அண்டா, சாயத்தொட்டி, வடிகால், பிறகு கமண்டல நாகநதி. அந்தச் சிறுமியின் கேள்விக்கு விடை தேடும் வழி இது.

மூன்றாவது, மைக் பாண்டேயின் 'ஷோர்ஸ் ஆஃப் சைலன்ஸ்' (2000). குஜராத் கடலோரத்தில் திமிங்கிலச் சுறாக்கள் கொல்லப்படுவதைக் காட்டிய படம். அதன் பின் 2001-இல் அம்மீன் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டது. ஒரு படம் சட்டத்தை அசைக்க முடியும் என்பதற்குச் சான்று. வலையில் சிக்கிய சுறாவை விடுவிக்க வலையை அறுக்கும் மீனவருக்கு, பின்னாளில் அரசு இழப்பீடும் வழங்கியது. பிழைப்பை மறவாத இயக்கமே நிலைக்கும்.

நம் நாட்டில் சட்டம் இல்லாமலில்லை. 1991 நவம்பர் 22 அன்று, எம்.சி. மேத்தா தொடர்ந்த வழக்கில், திரையரங்குகள் ஒவ்வொரு காட்சியிலும் சுற்றுச்சூழல் பற்றிய இரண்டு வில்லைகளையேனும் கட்டணமின்றிக் காட்டவேண்டும் என்றும், மத்திய அரசு குறும்படங்கள் தயாரிக்கவேண்டும் என்றும் உச்சநீதிமன்றம் பணித்தது. 1948-இல் தோன்றிய அரசுத் திரைப்படப் பிரிவு அதற்கு முன்பே செய்திப்படங்களைக் கட்டாயமாகக் காட்டிவந்தது. அவை ஓடும்போது நம்மவர் வெளியே பீடி பற்றவைக்கச் சென்றதை மூத்தோர் அறிவர். காரணம் எளிது: அத்திரையில் அவர்களுடைய ஊர் இல்லை. 2022-இல் அப்பிரிவும் தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தோடு இணைக்கப்பட்டுவிட்டது.

இனி, நமக்கு நெருக்கமானதைச் சொல்லவேண்டும். 1996 ஆகஸ்ட் 28 அன்று, வேலூர்க் குடிமக்கள் நல மன்றத்தின் வழக்கில், மாசுபடுத்தியவரே ஈடுசெய்யவேண்டும் என்னும் கோட்பாட்டை உச்சநீதிமன்றம் நிலைநாட்டியது. தோல்பதனிடும் வட்டாரத்தில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுமையாகவோ ஓரளவோ பயிரிடத் தகுதியிழந்தது என்ற ஆய்வும் அத்தீர்ப்பில் இடம்பெற்றது. ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் தோல்தொழிலில் நம் சமுதாயத்தார் முதலாளிகளாகவும் தொழிலாளிகளாகவும் இருக்கின்றனர். 2025 ஜனவரியிலும் அதே மாசுபற்றி அதே நீதிமன்றம் மீண்டும் தீர்ப்புரைக்க நேர்ந்தது. ஆரணியின் நாகநதி செய்யாற்றில் கலக்கிறது. செய்யாறு பாலாற்றை அடைகிறது. சாயமும் தோலும் ஒரே ஆற்றில் சந்திக்கின்றன.

அமேசான் காடு எரிவதைக் கண்டு கண்ணீர் விடுவது எளிது. அதில் நமக்குக் கணக்கு இல்லை. நம் அடுப்புக்கு அரிசி தரும் தொழிலையும், நம் கிணற்றின் உப்பையும் ஒரே சட்டத்திற்குள் காட்டும் படமே கடினமானது. நமக்கு வேண்டியதும் அதுவே. தொழிலாளியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றும் படமும் வேண்டாம். முதலாளியின் நன்கொடைக்காக வடிகாலை மறைக்கும் படமும் வேண்டாம்.

ஆகவே பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் ஜமாஅத்தாருக்கும் ஒன்று சொல்வேன். இலவசப் படங்களைக் காட்டுங்கள். ஆனால் 20 நிமிடத்திற்கு மேல் வேண்டாம். பிறமொழி உரையை நிறுத்திவிட்டு, அறிந்தவர் ஒருவர் நம் தமிழில் விளக்கட்டும். யார் பொருள் கொடுத்து எடுத்த படம் என்று பிள்ளைகளிடம் கேளுங்கள். பிறகு அவர்களை ஆற்றங்கரைக்கு அழைத்துச் செல்லுங்கள். கைப்பேசியிலேயே படம் எடுக்க வல்லவர்கள் அவர்கள்.

அந்தச் சிறுமிக்கு நான் இன்னும் விடை கடன்பட்டிருக்கிறேன். அடுத்த முறை படம் காட்டச் செல்லும்போது, முதலில் அவள் தந்தையின் பட்டறைக்குச் சென்று, வடிகாலின் வழியே நடந்து பார்த்துவிட்டுத்தான் திரையைக் கட்டுவேன்.