முகம் காட்டாத போட்டியாளன்

காதல் நகைச்சுவை என்றால் ஒரு போட்டியாளன் வேண்டும். பணக்காரனாக, அழகனாக, கார் வைத்திருப்பவனாக. 'மேசோன் இக்கோக்கு' என்ற ஜப்பானியச் சித்திரக்கதையிலும் அப்படி ஒருவன் உண்டு. டென்னிஸ் பயிற்சியாளன் மிதாகா. அவன் சிரித்தால் பல் மின்னும். கதையை எழுதி வரைந்த ருமிகோ தகாஹாஷி நிஜமாகவே அந்தப் பல்லில் ஒரு மினுக்கலை வரைந்துவிடுவார். ஆனால் நாயகன் கோதாய் தோற்றுக்கொண்டே இருப்பது மிதாகாவிடம் அல்ல, கதை தொடங்கும் முன்பே செத்துப்போன ஒரு மனிதரிடம். நினைவுக் காட்சிகளில் அவர் வருகிறார், போகிறார். உடம்பு தெரிகிறது, தலைமுடி தெரிகிறது. முகத்தில் மட்டும் நிழல் விழுந்திருக்கிறது. பதினைந்து தொகுதிகளில் ஒரு கட்டத்தில்கூட அந்த நிழல் விலகுவதில்லை.

ஜப்பானிய மாங்காவில் காதல் நகைச்சுவைக்குப் பஞ்சமே இல்லை. அவற்றில் நான் திரும்பத் திரும்ப எடுத்துப் படிப்பது இந்த ஒன்றைத்தான். அதற்குக் காரணம் அந்த நிழல்.

தகாஹாஷியை உலகம் அறிந்தது 'ரன்மா ½', 'இனுயாஷா' வழியாக. தண்ணீர் பட்டால் பெண்ணாக மாறும் பையன், கிணற்றுக்குள் விழுந்து பழங்காலத்தில் எழும் பள்ளி மாணவி என்று மாயமும் அடிதடியும் கலந்த கதைகள் அவை. 'மேசோன் இக்கோக்கு'வில் பேய் இல்லை, பிசாசு இல்லை, வேற்றுக்கிரகத்து ஆள் இல்லை. 1980இல் ஷோகாகுகான் நிறுவனம் இளைஞர்களுக்காக 'பிக் காமிக் ஸ்பிரிட்ஸ்' என்ற இதழைத் தொடங்கியபோது, முதல் இதழிலேயே இந்தத் தொடரும் தொடங்கியது. அவருக்கு அப்போது 23 வயது. இன்னொரு பக்கம் சிறுவர் வார இதழில் 'உருசே யாட்சுரா' ஓடிக்கொண்டிருந்தது. இரண்டையும் கூடவே நடத்தி, இரண்டையும் 1987இல் முடித்தார். ஒரு கையால் விண்வெளி ரகளை, மறு கையால் ஓர் இளம் விதவையின் மனம். எப்படி முடிந்தது என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை.

கதை நடப்பது டோக்கியோவின் ஓரத்தில், கற்பனையான ஒரு குடியிருப்புப் பகுதியில். இக்கோக்குகான் என்பது மரத்தால் கட்டிய பழைய வாடகை வீடு. உச்சியில் ஒரு கடிகாரக் கூண்டு, ஓடாத கடிகாரம். குளியலறை கிடையாது, பொதுக் குளியலகத்துக்குத்தான் போகவேண்டும். எல்லாருக்குமாக இளஞ்சிவப்பு நிறத்தில் ஒரே ஒரு காசுபோடும் தொலைபேசி. பல்கலைக்கழக நுழைவுத் தேர்வில் தோற்று மறுபடி படித்துக்கொண்டிருக்கும் கோதாய்க்கு ஐந்தாம் எண் அறை. படிக்கவிட்டால்தானே? நான்காம் அறை யோட்சுயா சுவரில் ஓட்டை போட்டு அதன் வழியாகவே உள்ளே வந்துவிடுவான். மதுக்கடையில் வேலை செய்யும் அகேமி உள்ளாடைக்கு மேல் ஒரு மெல்லிய துணியோடு வந்து உட்கார்ந்துகொள்வாள். இச்சினோசே அம்மாள் இரண்டு கையிலும் விசிறி பிடித்து ஆடுவாள். மூவரும் குடிக்கும் இடம் இவன் அறை. பொறுக்க முடியாமல் மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பும் நாளில் புதிய மேனேஜராக வந்து நிற்கிறாள் ஒதொனாஷி கியோகோ. மூட்டை அவிழ்கிறது.

அவள் விதவை என்பது அவனுக்கு மெல்லத்தான் தெரிகிறது. பள்ளி முடித்த கையோடு, தனக்குப் பாடம் எடுத்த ஆசிரியரையே மணந்தவள். அரை வருடத்தில் அவர் இறந்துவிட்டார். இந்த வீடு மாமனாருடையது. துக்கத்தில் கிடக்கும் மருமகளுக்கு ஒரு வேலையாவது இருக்கட்டும் என்று அவர்தான் பொறுப்பைக் கொடுக்கிறார்.

இந்த இடத்தில் தகாஹாஷி செய்த ஒரு காரியம் சாமர்த்தியமானது. ஊர் தடுக்கிறது, குடும்பம் தடுக்கிறது என்று போகவே இல்லை. பெற்றோர் அவளை மறுமணம் செய்துகொள் என்று நச்சரிக்கிறார்கள். மாமனாரே, குடும்பப் பதிவேட்டிலிருந்து பெயரை எடுத்துக்கொண்டு நீ உன் வாழ்க்கையைப் பாரம்மா என்கிறார். யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. தடை முழுக்க அவளுக்குள்தான் இருக்கிறது. வேறொருவனை நேசித்துவிட்டால், அந்த அரை வருடக் காதல் பொய் என்று ஆகிவிடாதா என்ற பயம். ஒரு நகைச்சுவைத் தொடருக்குள் இவ்வளவு கனமான கேள்வியை வைத்துவிட்டு, அதன்மேல் ஏறி நின்று கூத்தடிக்கிறார்கள் அந்த மூன்று குடிகாரர்களும்.

அதற்காக அவளைத் தெய்வமாக்கவும் இல்லை. கியோகோ பொறாமைக்காரி. கோதாய்க்குக் கோசுவே என்றொரு பெண் சிநேகிதி இருக்கிறாள் என்று தெரிந்ததும், கோழிக்குஞ்சுப் படம் போட்ட ஏப்ரனோடு வாசலைக் கூட்டுகிறாளே, அந்த விளக்குமாற்றின் வேகத்தைப் பார்க்க வேண்டும். வாயில் "அப்படியா, நல்லது" என்ற மரியாதை, புருவம் மட்டும் ஒரு மயிரிழை இறங்கியிருக்கும். தகாஹாஷியின் கோடு எளிமையானது. கண்ணும் புருவமும் வாயும் சேர்ந்து ஆறேழு கோடுகள் தேறினால் அதிகம். அதில் ஒன்றை நகர்த்தி முழு மனநிலையையும் மாற்றிவிடுகிறார். தனக்கு அவன்மேல் ஒன்றுமில்லை என்று அவள் சொல்லிக்கொள்ளும் பக்கங்களில் படிக்கிறவருக்கு மட்டும் எல்லாம் தெரிந்துவிடும்.

அப்புறம் அந்த நாய். கியோகோவின் கணவர் சோயிச்சிரோ உயிரோடு இருந்தபோது, வாங்கிவந்த யாகிதோரி என்ற சுட்ட கோழிக்கறியின் வாசனை பிடித்துப் பின்னாலேயே வீடு வரை வந்த வெள்ளை நாய். அவர் வைத்த பெயர் ஷிரோ. அந்தப் பெயருக்கு அது திரும்பிக்கூடப் பார்க்காது. ஆனால் கியோகோ கணவரைக் கூப்பிட்டால் நாய் பதில் சொல்லும். அவர் போன பிறகு அந்தப் பெயரே நாய்க்கு நிலைத்துவிட்டது. ஆக, இக்கோக்குகான் வாசலில் தினமும் அவள் "சோயிச்சிரோ-சான்" என்று மரியாதையோடு அழைப்பாள். சோற்றுக் கிண்ணத்தை நோக்கி ஒரு நாய் ஓடிவரும். அந்தப் பெயர் கோதாய் காதில் விழாத நாளே இல்லை. சங்கிலியைப் பிடித்து அதை உலாவக் கூட்டிப்போகும் வேலையும் அவன் தலையில் விழும். முதலில் இது வெறும் சிரிப்பு. ஐந்தாறு தொகுதிகள் தாண்டியபின் அதே அழைப்பைப் படிக்கும்போது நெஞ்சு ஒரு கணம் நிற்கிறது. எழுத்து மாறவில்லை, நாய் மாறவில்லை. நமக்கு அந்தப் பெண்ணைத் தெரிந்துவிட்டது, அவ்வளவுதான்.

தொடர் வெளிவந்த வருடங்களோடு கதையின் வருடங்களும் ஏறத்தாழ ஒட்டியே நகர்கின்றன. இதழில் மழைக்காலம் என்றால் இக்கோக்குகானிலும் கூரை ஒழுகும். தோற்ற மாணவன் கல்லூரி சேர்ந்து, படித்து, வேலை கிடைக்காமல் அலைந்து, குழந்தைகள் காப்பகத்தில் உதவியாளாகி, அதுவும் போய், கேபரே விடுதியில் வேலை செய்யும் பெண்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆளாகிறான். பொதுவாக இந்த வகைத் தொடர்களில் தவறான புரிதல்கள் கதையை இழுக்கும் கயிறு மட்டுமே. வாரா வாரம் எல்லாம் பழையபடி ஆகிவிடும். இங்கே ஒவ்வொரு தவறான புரிதலுக்கும் வயது செலவாகிறது. ஊர் கேட்கக் குடிபோதையில் அவள் பெயரைச் சொல்லிக் காதலைக் கத்துகிறவன் மாணவன். பிற்பாடு அவளிடம் வாய் திறக்கத் தயங்குகிறவன் சம்பளம் போதாத ஆள். ஒரே கூச்சம், ஆனால் இரண்டாவது கூச்சத்தில் சிரிப்பு குறைவு.

பயிற்சி ஆசிரியனாக அவன் போகும் பெண்கள் பள்ளியில் யாகாமி என்ற மாணவி அவனைத் துரத்தத் தொடங்குவதும் வெறும் கலகலப்புக்காக அல்ல. அது கியோகோ படித்த பள்ளி. ஆசிரியர்மேல் காதல் கொண்டு அடம்பிடித்த மாணவி ஒரு காலத்தில் அவளேதான். தன் பழைய முகத்தையே எதிரில் பார்த்து அவள் எரிச்சல்படும் அந்தப் பகுதி, தொடரின் ஆகச் சிறந்த பகுதிகளில் ஒன்று. மிதாகாவின் முடிவு மட்டும் எனக்குக் கொஞ்சம் அவசரமாகப் படுகிறது. நாயைக் கண்டால் நடுங்குகிற மனிதன், அந்தப் பயத்தைப் போக்க மெக்கன்ரோ என்று ஒரு நாய்க்குட்டி வளர்க்க, அது, அவனுக்குப் பேசியிருந்த பெண்ணான அசுனாவின் வீட்டு நாயைக் கர்ப்பமாக்க, கர்ப்பம் யாருக்கு என்று புரியாமல் அவன் அசுனாவிடம் திருமணம் பேசிவிடுகிறான். வயிறு வலிக்கச் சிரித்துவிட்டுத்தான் இதைச் சொல்கிறேன்: ஆறு வருடம் காத்திருந்தவனுக்கு இன்னும் கொஞ்சம் நல்ல வழியனுப்பு கொடுத்திருக்கலாம்.

கோதாய்க்குக் கொடுத்த முடிவில் குறையே சொல்ல முடியாது. அவன் போட்டியில் ஜெயிப்பதில்லை. கல்லறை முன்னால் தனியாக நின்று, உங்களையும் சேர்த்தே அவளை ஏற்றுக்கொள்கிறேன் என்ற பொருளில் இறந்தவரிடம் பேசுகிறான். கியோகோ மறைவில் நின்று கேட்கிறாள். அவள் கேட்கும் வாக்குறுதியும் காதல் கதைகளில் வழக்கமாகக் கேட்பது இல்லை: என்னைவிட ஒரே ஒரு நாளாவது கூடுதலாக உயிரோடு இருங்கள் என்பதுதான். அந்தப் பேச்சு நடக்கும்போது கோதாய் தன் முதுகில், குடித்துச் சாய்ந்த அவளுடைய அப்பாவைச் சுமந்துகொண்டிருக்கிறான். இவ்வளவு நெகிழ்வான இடத்திலும் ஒரு கிழவரை முதுகில் ஏற்றிவிடும் குறும்புதான் தகாஹாஷி.

திரைக்கு வந்தபோது என்ன ஆயிற்று? 1986 மார்ச்சில் ஃபூஜி தொலைக்காட்சியில் அனிமே தொடங்கியது. 'உருசே யாட்சுரா' முடிந்த அதே புதன்கிழமை மாலை நேரம். 1988 மார்ச் வரை 96 பகுதிகள். கசுவோ யமசாக்கி, தகாஷி அன்னோ, நாவோயுகி யோஷினாகா என்று இயக்குநர்கள் மூவர் மாறினார்கள். இரண்டாம் எண் அறைக்குப் பிற்பாடு குடிவரும் நிக்காய்தோவை அடியோடு விட்டுவிட்டார்கள். எனக்கு அதில் வருத்தமில்லை, மாங்காவிலும் அவனை வைத்து என்ன செய்வதென்று ஆசிரியருக்கே தெரியாதது போலத்தான் இருக்கும். ஆனால் இரண்டு வருடம் வாரந்தோறும் ஒளிபரப்பாகும் வடிவம் இந்தக் கதைக்கென்றே செய்தது போல் பொருந்தியது. பார்த்தவர்களும் நான்கு பருவங்களை இரண்டு முறை கடந்தார்கள். மாங்கா 1987இல் முடிந்துவிட்டதால் உண்மையான முடிவையே அனிமேயும் எடுத்துக்கொள்ள முடிந்தது.

கியோகோவுக்குக் குரல் கொடுத்தவர் சுமி ஷிமாமோத்தோ. மியாசாக்கியின் 'நவுசிக்கா'வில் இளவரசியின் குரல். அந்தத் தெளிவும் கம்பீரமும் இங்கே வாடகை வசூலிக்க வருகிறது. "கோதாய்-சான்" என்று அவர் கூப்பிடும் விதங்களை எண்ணி மாளாது: கண்டிப்பு, கரிசனம், ஊடல், உள்ளே அழுகை. தாளில் புருவம் செய்த வேலையைத் திரையில் அந்தக் குரல் செய்கிறது. கோதாயாக இஸ்செய் ஃபுட்டாமாதா உடைந்த குரலில் உளறுவதும், யோட்சுயாவாக ஷிகேரு சிபா போலி மரியாதையோடு இழுத்துப் பேசுவதும் அதற்கு நல்ல பக்கவாத்தியம்.

இசைப் பிரியர்களுக்கு ஒரு விருந்து உண்டு. 24ஆம் பகுதியில் மட்டும், வழக்கமான முகப்புப் பாடலை எடுத்துவிட்டு கில்பர்ட் ஓ'சல்லிவனின் 'அலோன் அகெய்ன்' பாடலைப் போட்டார்கள். 1972ஆம் வருடப் பாட்டு. மெட்டு துள்ளலாக, வெயிலில் நடப்பது போல இருக்கும். வார்த்தைகளோ திருமணத்தன்று கைவிடப்பட்டவன், பெற்றோரை இழந்தவன் பேசுவது. சிரித்த முகத்தோடு வாசல் கூட்டும் ஒரு விதவைக்கு இதைவிடப் பொருத்தமான பாட்டை யார் தேடினாலும் கண்டுபிடித்திருக்க முடியாது. மறுவாரமே பாட்டு போய்விட்டது.

அதே பாட்டு 1986 அக்டோபரில் வந்த திரைப்படத்திலும் ஒலித்தது. ஷின்இசிரோ சவாய் இயக்கம், கியோகோவாக மரிகோ இஷிஹாரா, கோதாயாக கென் இஷிகுரோ, யோட்சுயாவாக மசாதோ இபு, இசை ஜோ ஹிசாய்ஷி. ஆட்கள் யாரும் சோடையில்லை. மாங்கா முடியாத நேரத்தில், இரண்டு மணி நேரத்துக்குள் அடக்கியாக வேண்டும் என்பதுதான் சிக்கல். காத்திருத்தலே கதையாக இருக்கும்போது காத்திருக்க நேரமில்லாத வடிவம் என்ன செய்யும்? அந்த வீட்டின் விசித்திரத்தைக் காட்டும், மனிதர்களைக் காட்டும், ஆனால் நாயின் பெயர் நம்மை உறுத்தத் தொடங்குவதற்குள் விளக்கு போட்டுவிடுவார்கள்.

டிவி அசாஹி 2007இலும் 2008இலும் இரண்டு சிறப்பு நாடகங்களாக எடுத்தபோது மிசாகி இத்தோ கியோகோவானார். 'ரயில் மனிதன்' தொலைக்காட்சித் தொடரில் எட்டாத உயரத்துப் பெண்ணாக வந்து புகழ்பெற்றவர். அழகில் குறையில்லை, எட்டாத உயரம்தான் தொல்லை. விளக்குமாறு அவர் கையில் அலங்காரப் பொருளாகத் தெரிகிறது. நேர்முகத் தேர்வில் பிடித்த புதுமுகம் தைகி நகாபயாஷி, கோதாயின் பரிதாபத்தை ஒழுங்காகவே செய்தார். எனக்கு அதில் பிடித்தவர் யோட்சுயாவாக வந்த இத்தோக்கு கிஷிபே. ஒரு காலத்தில் 'தி டைகர்ஸ்' பாட்டுக்குழுவில் பேஸ் கிட்டார் வாசித்தவர். சலனமே இல்லாத முகத்தோடு பக்கத்து அறைக்குள் நுழைந்து அடுத்தவன் சோற்றில் கைவைக்கும் கலை அவருக்குத் தானாக வருகிறது.

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு ஆங்கிலத்தில் விஸ் நிறுவனத்தின் பத்துத் தொகுதிப் பதிப்பு கிடைக்கிறது. ஒரு மூச்சில் படித்துத் தீர்க்க வேண்டாம், வாரத்துக்கு நான்கைந்து அத்தியாயம் போதும். அனிமேயை நடுவில் 24ஆம் பகுதிக்காகவாவது எட்டிப் பார்க்கலாம். திரைப்படத்தைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள், நாடகத்தை கிஷிபேவுக்காகப் பாருங்கள். யோட்சுயா அப்படி என்னதான் வேலை பார்க்கிறான் என்று மட்டும் யாரும் தேடி அலைய வேண்டாம். தகாஹாஷி கடைசிவரை அதைச் சொல்லவே இல்லை.